முழு ஸ்கேன் என்னும் நம்பிக்கை: வீட்டுக் கணினியின் ஆன்ட்டிவைரஸ் அமைப்புகள் குறித்து

வீட்டுக் கணினியைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு அறிவுரைகள் தப்பாமல் கிடைக்கும். "வாரத்துக்கு ஒரு தடவை ஃபுல் ஸ்கேன் போட்டுடுங்க" என்பது ஒன்று. "ஆன்ட்டிவைரஸ்தான் சிஸ்டத்தை ஸ்லோ ஆக்குது, தூக்கிடுங்க" என்பது இன்னொன்று. முதலாமவர் அச்சத்தில் சொல்கிறார், இரண்டாமவர் எரிச்சலில் சொல்கிறார். இரண்டு பேருமே ஸ்கேன் என்பதை ஒரே காரியமாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆன்ட்டிவைரஸின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அது ஒரே காரியமல்ல என்பது தெரியும். எப்போது சோதிப்பது, எதைச் சோதிப்பது, எவ்வளவு சந்தேகப்படுவது, கண்டுபிடித்தால் என்ன செய்வது என்ற நான்கு கேள்விகள் அங்கே பல பொத்தான்களாகப் பிரிந்து கிடக்கின்றன.

இந்த நான்கில் பெரும்பாலானோர் கவலைப்படுவது 'எதை' என்பதைப் பற்றி: எல்லா டிரைவும் ஸ்கேன் ஆனதா, ஜிப் கோப்புகளுக்குள்ளும் போனதா என்று. பாதுகாப்பைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் 'எப்போது' என்பதுதான். கோப்பு திறக்கும் நொடியில் நடக்கும் சோதனைக்கு இருக்கும் மதிப்பில் ஒரு சிறு பங்குகூட ஞாயிற்றுக்கிழமை முழு ஸ்கேனுக்கு இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். எடுத்துக்காட்டுக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை எடுத்துக்கொள்கிறேன். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவற்றில் பொத்தானின் பெயரும் இடமும் மாறும். அடிப்படை மாறாது.

வாராந்திர ஸ்கேன் எங்கிருந்து வந்தது

1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', ஐபிஎம் பிசி வகைக் கணினிகளைப் பிடித்த முதல் வைரஸாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அது ஃப்ளாப்பியின் தொடக்கப் பகுதியில் உட்கார்ந்துகொண்டு, கைமாறும் ஃப்ளாப்பிகள் வழியே ஊர் ஊராகப் போனது. அந்தக் காலத்தில் வைரஸின் வேகம் மனிதர்கள் ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வேகம்தான். ஆன்ட்டிவைரஸுக்கான, தெரிந்த வைரஸ்களின் புதிய அடையாளப் பட்டியலும் ஃப்ளாப்பியில் தபாலில் வந்தது. பட்டியல் வந்ததும் ஹார்டு டிஸ்க் எனும் தட்டு முழுவதையும் ஒருமுறை சோதிப்பது அன்று அறிவுள்ள செயல். வாராந்திர முழு ஸ்கேன் என்ற வழக்கம் அந்த உலகத்தின் எச்சம்.

பிறகு வேகம் மாறியது. 1999 மார்ச்சில் 'மெலிஸா' வேர்டு ஆவணத்தில் ஒளிந்து மின்னஞ்சலில் பறந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸில் கிளம்பிய 'ஐ லவ் யூ' சில மணி நேரத்தில் கண்டங்களைத் தாண்டியது. 2017 மே 12 அன்று தொடங்கிய 'வானாக்ரை' மின்னஞ்சலைக்கூட எதிர்பார்க்கவில்லை. விண்டோஸின் ஓட்டை ஒன்றின் வழியே, ஒருவரும் எதையும் திறக்காமலே, கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. திருத்தம் நிறுவப்பட்ட கணினி அதன் வழியே மாட்டவில்லை. நிறுவாத கணினியில் முந்தின ஞாயிறு முழு ஸ்கேன் நடந்திருந்தாலும் பயனில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதவே முடியாது என்று ஃபிரெட் கோஹன் 1984இலேயே தருக்க முறையில் காட்டிவிட்டார். ஆகவே எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று நழுவும், ஏதோ ஒரு நல்ல கோப்பு தவறாகப் பிடிபடும். எந்தப் பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

திறக்கும் நொடியில் நடப்பது

டிஃபெண்டரில் 'ரியல்-டைம் புரொட்டெக்‌ஷன்' என்று இருக்கும் நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்கும் விதம் இது. ஏதாவது ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கவோ எழுதவோ முயலும்போது, விண்டோஸின் அடித்தளத்தில் அமர்ந்திருக்கும் வடிகட்டி ஒன்று அந்தக் கோரிக்கையை நிறுத்திவைக்கிறது. கோப்பின் உள்ளடக்கம் தெரிந்த அடையாளங்களோடு ஒப்பிடப்படுகிறது. தேவைப்பட்டால் ஒரு போலிச் சூழலில் சிறிது ஓட்டிப் பார்க்கப்படுகிறது. பிறகுதான் வழி விடப்படுகிறது. இவ்வளவும் பெரும்பாலும் நாம் உணராத நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதற்குத் துணையாக இருப்பது 'கிளவுட்-டெலிவர்டு புரொட்டெக்‌ஷன்'. இதுவரை எங்கும் காணாத சந்தேகக் கோப்பு வந்தால், வழக்கமான அமைப்பில் 10 விநாடிவரை அதை ஓடவிடாமல் பிடித்துவைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்டின் சேவையகத்திடம் கேட்கும் வசதி இதில் உண்டு. இன்றைய நச்சுநிரல்கள் ஆளுக்கொரு வடிவில் அச்சடித்து அனுப்பப்படுகின்றன. காலையில் இறங்கிய அடையாளப் பட்டியலில் மாலையில் வந்த வடிவம் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது இந்தக் கேள்வி பதில்தான். எனவே இணையம் உள்ள வீட்டில் கிளவுட் பாதுகாப்பை அணைத்துவைப்பது, நிகழ்நேரப் பாதுகாப்பில் பாதியை அணைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்த ஆம்ஸி என்ற இடைமுகம். பவர்ஷெல் போன்றவற்றில் ஓடும் கட்டளைத் தொடர்கள் நினைவகத்தில் விரியும்போதே ஆன்ட்டிவைரஸிடம் காட்டப்படுகின்றன. சில தாக்குதல்கள் தட்டில் கோப்பே வைப்பதில்லை, நினைவகத்திலேயே வாழ்ந்து முடிகின்றன. தட்டை மூலைமுடுக்கெல்லாம் துழாவும் முழு ஸ்கேனுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

நிகழ்நேரப் பாதுகாப்பை அணைத்துவிட்டு வாரம் ஒருமுறை முழு ஸ்கேன் ஓட்டுவது, வாசலைத் திறந்துபோட்டுவிட்டு ஞாயிறுதோறும் பரண்மேல் ஏறித் திருடன் இருக்கிறானா என்று பார்ப்பது போன்றது. பரணில் ஒருவன் அகப்பட்டாலும், போன பொருள் போனதுதான்.

இந்தக் காவலை அணைப்பதுதான் பல நச்சுநிரல்களின் முதல் வேலை. அதைத் தடுக்க 2019இல் வந்தது 'டாம்பர் புரொட்டெக்‌ஷன்'. இது இயங்கும்போது வேறு நிரல்கள் பின்வாசல் வழியாக டிஃபெண்டரின் முக்கிய அமைப்புகளை மாற்ற முடியாது. அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு பொத்தானைச் சரிபார்க்க நேரமிருந்தால் இதைச் சரிபார்க்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை நிகழ்நேரக் காவலில் நிறுத்தக் கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்க, அது திறப்பதை இது சோதிக்க, கணினி திணறும். வேறு ஆன்ட்டிவைரஸ் முறையாக நிறுவப்பட்டால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்கிறது. அப்போதும் இரண்டாம் கருத்துக்காக அவ்வப்போது மட்டும் சோதிக்கும் வசதி அதில் தனியாக உண்டு.

விரைவு, முழு, தேர்ந்த, ஆஃப்லைன்

நாமாக ஓட்டும் ஸ்கேன்கள் நான்கு. 'குவிக் ஸ்கேன்' எனும் விரைவு ஸ்கேன், நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றையும், கணினி தொடங்கும்போது தானே கிளம்பும் நிரல்களின் இடங்களையும், ரெஜிஸ்ட்ரியின் தொடர்புடைய பகுதிகளையும், நச்சுநிரல்கள் வழக்கமாகத் தங்கும் கோப்புறைகளையும் பார்க்கிறது. 'ஃபுல் ஸ்கேன்' கணினியில் பொருத்தப்பட்ட தட்டுகளின் எல்லாக் கோப்புகளையும் பார்க்கிறது. 'கஸ்டம் ஸ்கேன்' நாம் சுட்டும் கோப்புறையையோ பென்டிரைவையோ மட்டும் பார்க்கும். 'ஆஃப்லைன் ஸ்கேன்' விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே, அதற்கு வெளியிலிருந்து பார்க்கும்.

விரைவு ஸ்கேன் என்றதும் அரைகுறை வேலை என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. அது தவறு. நச்சுநிரலுக்கு இரண்டு தேவைகள் உண்டு: ஓட வேண்டும், கணினியை அணைத்துப் போட்ட பிறகும் மீண்டும் ஓட வேண்டும். அதற்குத் தோதான இடங்கள் விண்டோஸில் எண்ணத்தக்க அளவே உள்ளன. விரைவு ஸ்கேன் அவற்றைத்தான் பார்க்கிறது. பழைய திரைப்படக் கோப்புறையில் தூங்கும் ஒரு கெட்ட கோப்பு, யாராவது அதைத் திறக்கும்வரை ஒன்றும் செய்யாது. திறக்கும் நொடியில் நிகழ்நேரப் பாதுகாப்பு பார்த்துக்கொள்ளும். நிகழ்நேரப் பாதுகாப்பும் விரைவு ஸ்கேனும் சேர்ந்தால் பெரும்பாலான சூழலுக்குப் போதும் என்பதே மைக்ரோசாஃப்டின் சொந்த வழிகாட்டுதலும்.

முழு ஸ்கேனுக்கு இடமே இல்லை என்பதல்ல. ஆன்ட்டிவைரஸைப் புதிதாக நிறுவியபோது ஒருமுறை, பாதுகாப்பு நெடுநாள் அணைந்திருந்தது தெரியவந்தபோது, ஏதாவது பிடிபட்ட பிறகு அதன் கூட்டாளிகளைத் தேட, பழைய ஹார்டு டிஸ்க்கின் உள்ளடக்கத்தை மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டியபோது என்று, காரணத்தோடு ஓட்ட வேண்டிய ஸ்கேன் அது. காரணமில்லாமல் நாள் குறித்து ஓட்டுவதால் மன ஆறுதல் கிடைக்கும். அதற்கு விலையாகக் கணினி மணிக்கணக்கில் மந்தமாகும்.

ஆஃப்லைன் ஸ்கேன் அதிகம் பேசப்படாத நல்ல கருவி. ரூட்கிட் வகை நச்சுநிரல்கள் விண்டோஸுக்கு அடியில் புகுந்துகொண்டு, 'இந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கே பொய்யான பதிலைத் தரவல்லவை. உள்ளிருந்து பார்க்கும் எந்த ஸ்கேனும் அந்தப் பொய்யைத்தான் பார்க்கும். ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை மறுதொடக்கம் செய்து தனிச் சூழலில் சுமார் 15 நிமிடம் சோதிக்கிறது. பிடித்ததே மறுநாள் திரும்பத் திரும்ப வந்தால், முழு ஸ்கேனை மூன்றாவது முறை ஓட்டுவதைவிட இதை ஒருமுறை ஓட்டுவது மேல்.

நேரமும் வேகமும்

திட்டமிட்ட ஸ்கேனுக்கு இரவு இரண்டு மணி என்று குறிப்பது அலுவலகத்துக்குப் பொருந்தும். நம் வீடுகளில் இரவில் கணினியை அணைத்து, சுவரிலுள்ள ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கும் வழக்கம் உண்டு. அந்த ஸ்கேன் ஒருநாளும் நடக்காது. கணினி இயங்கிக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தை, சாப்பாட்டு வேளை போன்ற ஒன்றை, தேர்ந்தெடுக்கலாம். 'தவறிய ஸ்கேனை அடுத்தமுறை ஓட்டு' என்ற தேர்வு இருந்தால் விரைவு ஸ்கேனுக்கு மட்டும் அதைப் போடலாம். முழு ஸ்கேனுக்குப் போட்டால், பிள்ளைகள் பாடத்துக்காகக் கணினியைத் திறக்கும் நேரத்தில் அது கிளம்பும்.

டிஃபெண்டரின் திட்டமிட்ட ஸ்கேன் தன் சராசரிச் செயலிப் பயன்பாட்டை 50 விழுக்காட்டுக்குள் வைக்க முயல்வது வழக்கமான அமைப்பு. பவர்ஷெல் கட்டளை வழியே இதைக் குறைக்கலாம். ஆனால் பழைய கணினியில் நெரிசல் பெரும்பாலும் செயலியில் இல்லை, தட்டில் இருக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் லட்சக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி வாசிப்பு முள் அங்குமிங்கும் ஓட வேண்டும். செயலி வரம்பைக் குறைத்தால் ஸ்கேன் நீளுமே தவிர, தட்டின் தவிப்பு அவ்வளவாகக் குறையாது. அப்படிப்பட்ட கணினிக்கு எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுவதே பெரிய நிவாரணம். அது முடியாதபோது முழு ஸ்கேனைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு விரைவு ஸ்கேனோடு நிற்கலாம். வேகத்துக்காக நிகழ்நேரப் பாதுகாப்பில் கை வைப்பதுதான் கூடாது.

ஜிப், மின்னஞ்சல், பென்டிரைவ்

ஜிப் போன்ற சுருக்கக் கோப்புகளுக்குள் புகுந்து பார்ப்பதா என்பது நிலையான விவாதம். '42.ஜிப்' என்று பெயர்பெற்ற ஒரு கோப்பு உண்டு. அதன் அளவு வெறும் 42 கிலோபைட். அடுக்கடுக்காகப் பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். சோதிக்க வரும் ஆன்ட்டிவைரஸை மூச்சுத் திணற வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதனால்தான் எத்தனை அடுக்குவரை போகலாம், எவ்வளவு பெரிய கோப்புவரை பிரிக்கலாம் என்று ஆன்ட்டிவைரஸ்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புகளை உயர்த்தத் தேவையில்லை. ஜிப்புக்குள் இருப்பது ஓட வேண்டுமானால் முதலில் வெளியே வந்தாக வேண்டும், வரும்போது நிகழ்நேரப் பாதுகாப்பின் கண்ணில் படும். கவனிக்க வேண்டியது கடவுச்சொல் போட்ட ஜிப். அதற்குள் எந்த ஸ்கேனும் புக முடியாது. 'எமோடெட்' கும்பல் மின்னஞ்சலில் ஜிப்பை இணைத்து, அதன் கடவுச்சொல்லையும் அதே கடிதத்தில் எழுதி அனுப்பியது இந்தக் காரணத்தால்தான்.

மின்னஞ்சல் ஸ்கேன், ஜிமெயிலை உலாவியில் படிப்பவர்களுக்கு ஏறக்குறையத் தேவையற்றது. இணைப்பைத் தரவிறக்கும்போது அது சாதாரணக் கோப்பாகச் சோதிக்கப்படும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் அஞ்சல்களைச் சேமிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இன்பாக்ஸ் முழுவதுமே ஒரே கோப்பாக இருக்கலாம். பழைய விளம்பர அஞ்சல் ஒன்றில் வைரஸ் இருப்பதாகக் கண்டு ஆன்ட்டிவைரஸ் கோப்பை அகற்றினால், பல ஆண்டுக் கடிதங்கள் கூடவே போகும்.

பென்டிரைவ் நம் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் வாசல். ஆதார் நகல், ஹால் டிக்கெட், பயோடேட்டா என்று எதை அச்சிடவும் ஜெராக்ஸ் கடைக் கணினியில் பென்டிரைவைச் செருகுகிறோம். அதே கணினியில் அன்று எத்தனையோ பேர் செருகியிருப்பார்கள். 2008இல் கிளம்பிய 'கான்ஃபிக்கர்' இதன் வழியாகவும் பரவியது. பென்டிரைவிலிருந்து நிரல் தானாக ஓடுவதை விண்டோஸ் 7 நிறுத்தியது, எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு 2011 பிப்ரவரியில் அதற்கான திருத்தம் வந்தது. உடனே உத்தியும் மாறியது. நம் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்து, நம் கையாலேயே சொடுக்க வைக்கும் வகை வந்தது. டிஃபெண்டரின் முழு ஸ்கேன் வழக்கமான அமைப்பில் பென்டிரைவைத் தொடுவதில்லை என்பதை அறிந்திருப்பது நல்லது. வெளியே போய்வந்த பென்டிரைவைத் திறக்கும் முன், அதன்மேல் வலது சொடுக்கில் வரும் ஸ்கேனை ஓட்டலாம். செருகியவுடன் சோதிக்கும் தேர்வு உங்கள் ஆன்ட்டிவைரஸில் இருந்தால், இந்த ஒன்றை யோசிக்காமல் போட்டுவைக்கலாம். கோப்புகளின் பின்னொட்டைக் காட்டும்படி விண்டோஸை அமைத்துவிட்டால், ஆவணம்போல் வேடமிட்டு வரும் நிரலைக் கண்ணாலேயே பிடிக்க முடியும்.

எவ்வளவு சந்தேகப்படுவது, பிடித்தால் என்ன செய்வது

பல ஆன்ட்டிவைரஸ்களில் ஹியூரிஸ்டிக் எனும் ஊக முறைக்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அளவுகள் இருக்கும். அதிகம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று படலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அடையாளப் பட்டியல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத 'எஸ்விசிஹோஸ்ட்' கோப்பையே வைரஸ் என்று கருதித் தூக்கியது. உலகெங்கும் கணினிகள் வலைத்தொடர்பை இழந்து, மீண்டும் மீண்டும் தாமே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தன. அது பட்டியலில் நேர்ந்த பிழைதான், ஊக முறையின் பிழையல்ல. ஆனால் தவறான குற்றச்சாட்டின் விலை எவ்வளவு என்பதை அது காட்டியது. ஊக அளவை உயர்த்துபவர் அந்த விலையை அடிக்கடி தர முன்வருகிறார். அவசரத்துக்கு உதவ ஆளில்லாத வீட்டில் நடுத்தரமே சரி.

அதனால் பிடிபட்டதை என்ன செய்வது என்ற கேள்விக்கு 'குவாரன்டைன்' என்பதே விடை. கோப்பு செயலிழந்து தனியறையில் இருக்கும். தவறென்று தெரிந்தால் மீட்கலாம். 'உடனே அழி' என்ற அமைப்பால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் வராது, மீட்கும் வழி மட்டும் போய்விடும்.

வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் யாரும் விரும்பாத நிரல்கள் தனி இனம். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் கருவிப்பட்டைகள், கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் ஏமாற்று நிரல்கள் போன்றவை. டிஃபெண்டரில் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்ற பொத்தான் இதற்குரியது. 2021 ஆகஸ்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை வழக்கமான அமைப்பாகவே போடத் தொடங்கியது. பழைய கணினிகளில் அணைந்திருக்கலாம், பார்த்துப் போட வேண்டும்.

இனி, ஆபத்தானது என்று யாரும் நினைக்காத ஒரு பக்கம்: 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' எனும் விலக்குப் பட்டியல். இதில் சேர்ந்த கோப்புறையை எந்தக் காவலும் பார்க்காது. திருட்டு மென்பொருள், விளையாட்டின் 'கிராக்', போலி ஆக்டிவேட்டர் ஆகியவற்றோடு வரும் குறிப்பில் 'ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்றோ, 'இந்தக் கோப்புறையை விலக்கில் சேர்க்கவும்' என்றோ இருக்கும். பயனர் தன் கையால் கதவைத் திறந்துவைக்கிறார். ஒருமுறை உள்ளே வந்த நச்சுநிரல்களும் தங்கள் இருப்பிடத்தை இதே பட்டியலில் எழுதிக்கொள்வது அறியப்பட்ட உத்தி. கடையில் விண்டோஸ் போட்டு வாங்கிய கணினியானால் முதலில் திறக்க வேண்டிய பக்கம் இது. சி டிரைவ் முழுவதும், டவுன்லோட்ஸ், டெம்ப் ஆகியவை அங்கே இருந்தால் மற்ற அமைப்புகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தும் பொருளில்லை. சாதாரண வீட்டில் இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

காவலுக்கும் ஒரு விலை

எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டால் என்ன என்பவர்களுக்கு, பாதுகாப்புத் துறைக்குள்ளிருந்தே எதிர்வாதம் உண்டு. முன்பு மொசில்லாவில் பணியாற்றிய ராபர்ட் ஓ'கலஹன் 2017 ஜனவரியில், மைக்ரோசாஃப்டுடையதைத் தவிர மற்ற ஆன்ட்டிவைரஸ்களை நீக்கிவிடும்படி வெளிப்படையாக எழுதினார். அதற்கு முன்பே 2014இல் சைமன்டெக்கின் உயர் அதிகாரி பிரையன் டை, ஆன்ட்டிவைரஸின் காலம் முடிந்துவிட்டது என்ற பொருளில் பேட்டியளித்திருந்தார்.

இவர்கள் வெறும் பரபரப்புக்காகப் பேசவில்லை. ஆன்ட்டிவைரஸ் மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடிக்கொண்டு, உலகிலுள்ள எல்லாக் கெட்ட கோப்புகளையும் பிரித்துப் பார்க்கும் நிரல். அதிலேயே ஓட்டை இருந்தால்? 2016இல் கூகுளின் டாவிஸ் ஓர்மண்டி சைமன்டெக் மென்பொருள்களில் அப்படிப்பட்ட ஓட்டைகளைக் கண்டார். கோப்பைப் பிரிக்கும் பகுதி விண்டோஸின் மையத்திலேயே ஓடியதால் ஆபத்து பன்மடங்காக இருந்தது. 2017 மே மாதம் அவரும் கூகுளின் நடாலி சில்வனோவிச்சும் டிஃபெண்டரின் எஞ்சினிலேயே ஒன்றைக் கண்டார்கள். கெட்ட கோப்பை யாரும் திறக்க வேண்டியதில்லை, டிஃபெண்டர் சோதித்தாலே போதும் என்ற நிலை. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் திருத்தம் கொடுத்தது. சோதிக்கும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போனால் தாக்கக்கூடிய இடங்களும் கூடுகின்றன.

இதில் வீட்டுப் பயனர் நேரடியாக முடிவெடுக்கக்கூடியது, சில ஆன்ட்டிவைரஸ்களில் உள்ள 'எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்'. உலாவிக்கும் வங்கித் தளத்துக்கும் இடையிலான மறையாக்கத்தை ஆன்ட்டிவைரஸ் நடுவில் பிரித்துப் பார்த்து, மீண்டும் மூடி அனுப்பும். மிச்சிகன், இல்லினாய் பல்கலைக்கழகங்கள், மொசில்லா, கூகுள் முதலியவற்றின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி இடைமறிக்கும் மென்பொருள்கள் பல அந்த இணைப்பின் பாதுகாப்பைக் குறைத்துவிடுவதாகக் கண்டது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் தீய தளங்களைத் தடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருப்பதால், இந்தத் தேர்வை அணைத்துவைப்பதில் இழப்பு குறைவு.

தரவுப் பகிர்வையும் பார்க்க வேண்டும். அவாஸ்ட், தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியே பயனர்களின் உலாவல் விவரங்களை விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 165 லட்சம் டாலர் செலுத்தச் சொன்னது. சந்தேகக் கோப்பின் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புவது வேறு, எங்கெல்லாம் உலாவுகிறோம் என்பதை அனுப்புவது வேறு. முன்னது பாதுகாப்புக்குத் தேவை. டிஃபெண்டரில் தனிப்பட்ட தகவல் இருக்கக்கூடிய கோப்பானால் அனுப்புமுன் கேட்கும். பின்னதை எங்கே கண்டாலும் அணைக்கலாம்.

ஸ்கேனால் ஆகாதவை

கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு எதிராக 2017இல் டிஃபெண்டரில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' சேர்ந்தது. அனுமதி பெறாத நிரல் எதுவும் ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளில் எழுத முடியாது. வழக்கமாக இது அணைந்திருக்கும். போட்டால், சில நல்ல நிரல்களும் தடைபட்டு, ஒவ்வொன்றாக அனுமதி தர வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை உள்ளவர் வீட்டில் இருந்தால் போடலாம். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்பப் படங்களும் பத்திர நகல்களும் கணினியோடு எப்போதும் இணைந்திராத வேறொரு தட்டில் ஒரு பிரதியாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டரின் அடையாளப் பட்டியல் அதற்கு 2028 அக்டோபர்வரையாவது தொடரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். அடையாளப் பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு. வானாக்ரை நுழைந்தது இரண்டாவது இல்லாத இடத்தில்தான்.

தொலைபேசியில் வங்கி அதிகாரிபோல் பேசி, எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவச் சொல்லும் மோசடியில் நச்சுநிரலே இல்லை. நிறுவப்படுவது முறையான மென்பொருள், ஒப்புதல் தருவது நாம். இங்கே எந்த ஸ்கேன் அமைப்பும் உதவாது. பணம் போனால் உடனே 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைப்பதே வழி. கணினியைப் பிறர் தொலைவிலிருந்து இயக்கவைக்கும் பாட்நெட் தொற்றிவிட்டதா என்ற ஐயம் இருந்தால், இந்திய அரசின் செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவச நீக்கக் கருவிகளைத் தருகிறது.

சரிபார்ப்பும் வரிசையும்

அமைத்தது வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான வைரஸைத் தேட வேண்டியதில்லை. 'எய்கார்' சோதனைக் கோப்பு இதற்கென்றே உள்ளது. 68 எழுத்துகள் கொண்ட, முற்றிலும் தீங்கற்ற கோப்பு. ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் இதை வைரஸாகவே நடத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. தரவிறக்கும்போதே தடுக்கப்பட்டால் நிகழ்நேரப் பாதுகாப்பு விழித்திருக்கிறது. ஜிப்புக்குள் வைத்த வடிவமும் கிடைக்கிறது. அது எப்போது பிடிபடுகிறது என்று பார்த்தால், சுருக்கக் கோப்புகள் பற்றிய உங்கள் அமைப்பு என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும்.

இவ்வளவையும் தொகுத்தால் வரிசை இப்படி அமைகிறது. முதலில் விண்டோஸ் திருத்தங்கள் தானாக நிறுவப்பட வேண்டும். அடுத்து நிகழ்நேரப் பாதுகாப்பு, கிளவுட் பாதுகாப்பு, டாம்பர் புரொட்டெக்‌ஷன் மூன்றும் இயங்க வேண்டும். மூன்றாவதாக விலக்குப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். நான்காவதாக வேண்டாத நிரல்களைத் தடுக்கும் பொத்தான் இயங்க, பிடிபட்டவை குவாரன்டைனுக்குப் போக வேண்டும். ஐந்தாவதாக விரைவு ஸ்கேன், கணினி உண்மையிலேயே இயங்கும் நேரத்தில், நாள்தோறுமோ வாரம் ஒருமுறையோ நடந்தால் போதும். ஊக அளவு, ஜிப் அடுக்கு, செயலி வரம்பு எல்லாம் இவற்றுக்குப் பிறகு வருபவை. அவற்றைத் தொடாமலே விட்டாலும் குறையொன்றுமில்லை.

முழு ஸ்கேன் இந்த வரிசையில் இல்லை. அது நாள்காட்டியில் குறித்துவைக்கும் கடமையல்ல. சந்தேகம் வந்த நாளில் எடுக்கும் கருவி அது. பத்து நிமிடம் ஒதுக்க முடிந்த ஒருவர், அந்தப் பத்து நிமிடத்தில் முழு ஸ்கேனைத் தொடங்கிவிட்டு எழுந்து போவதைவிட, விலக்குப் பட்டியலைத் திறந்து அதிலிருக்கும் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் தன் கணினிக்கு அதிக நன்மை செய்தவராவார்.